நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு பங்க் ஆல்பம்: மைக்குக்கு முன்னால் கையும் தொண்டையும்

பல வருடம் கழித்துக் கூடும் பங்க் (வேகமும் முரட்டுத்தனமுமான ராக்) குழு, முதல் நாள் ஒத்திகையில் பழைய பாட்டுகளைப் பழைய வேகத்திலேயே எடுத்துப் பார்க்கும். முதல் இரண்டு பாட்டு பறக்கும். மூன்றாவதில் கிட்டார் வாசிப்பவரின் முன்னங்கை கல்லாக இறுகும். டிரம்மர் ஹை-ஹாட்டில் (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) பாதி அடிகளை விழுங்குவார். பாடகர் உச்சத்தில் வரும் வரியைப் பாடாமல் கத்தித் தாண்டுவார். "ஸ்டுடியோவுல பாத்துக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

ஸ்டுடியோவில் பார்த்துக்கொள்ள முடியாதவை இவைதான். சுருதி லேசாகப் பிசகினால் திருத்தலாம், ஒரு கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) தப்பினால் அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கலாம். சோர்ந்த கை வாசித்த இரண்டு நிமிடத்தை எந்த மென்பொருளாலும் உயிர்ப்பிக்க முடியாது. அதனால்தான் கீழே ஒத்திகை அறைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். வழக்கமான பதிவுக் குறிப்புகளில் இது ஒரு பத்தியோடு முடிந்துவிடும்.

இடைவெளியின் நீளம் மட்டுமே ஒரு ஆல்பத்தைக் கெடுப்பதில்லை. டிசென்டென்ட்ஸ் குழுவினர் 2004-க்குப் பிறகு 2016-இல்தான் அடுத்த ஆல்பம் போட்டார்கள். ரெஃப்யூஸ்டு 1998-இலிருந்து 2015 வரை எடுத்துக்கொண்டார்கள். தி ஸ்டூஜஸ் 1973-இல் விட்டதை 2007-இல் தொடர்ந்தார்கள்.

முதலில் காகிதம்

சலிப்பான வேலைதான், ஆனால் இதை முடிக்காமல் ஒத்திகையைத் தொடங்க வேண்டாம். பழைய லேபிளோடு போட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து இரண்டு பிரிவுகளைப் பாருங்கள். அடுத்த ஆல்பத்தின் மேல் லேபிளுக்கு முதல் உரிமை இருக்கிறதா? குழு கலைந்துவிட்டது என்பதாலேயே அது காலாவதியாகிவிடாது. அடுத்து, பழைய பாட்டுகளை மறுபதிவு செய்ய எத்தனை வருடத் தடை என்பது. இரண்டில் எது இருந்தாலும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள், விலகிப்போனவரையும் சேர்த்து. அவர் 15 வருடம் முன்பு போட்ட ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரி) ஒன்று புதுப் பாட்டில் நுழைந்தால் அவருக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு பாட்டும் உருவம் பெற்ற அன்றே ஒரு தாளில் பாட்டின் பெயர், வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம், கையெழுத்து, தேதி. கூட்டிப் பார்த்தால் சரியாக 100 வரவேண்டும். நான்கு பேரும் தனித்தனியாகப் பதிவு செய்து மொத்தம் 100-ஐத் தாண்டினால், ராயல்டி வசூலிக்கும் அமைப்பு தகராறு தீரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கும்.

பரணில் இருப்பவை

பழைய டெமோக்கள் டேப்பில் இருந்தால் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். 1970-களின் நடுவிலிருந்து வந்த பல ரீல் டேப்புகளில் காந்தத்தூளை ஒட்டவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். ஓட்டினால் கிறீச்சிடும், பழுப்புத் தூள் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், பதிவும் அதோடு உரிந்து வரும். இதற்கு டேப்பைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரமோ அதற்கு மேலோ மிதமாகச் சூடாக்குவார்கள். அதன்பின் சில வாரங்களுக்கு அது ஓடும், அதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். வீட்டு ஓவனில் முயல வேண்டாம். எல்லா வகை டேப்பும் சூடு தாங்காது, எது தாங்கும் என்று பார்த்தே சொல்லக்கூடியவரிடம் கொடுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க் ஓடினால் முதல் வேலை முழுவதையும் வேறிடத்தில் நகலெடுப்பது. அதிலிருந்தே திறந்து கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள், அது கடைசி ஓட்டமாக இருக்கலாம். பழைய மென்பொருள் கோப்பு திறக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் ஆடியோ கோப்புகள் தனியே கிடைக்கும். அவற்றை எல்லாம் பாட்டின் பூஜ்ஜிய நொடியிலிருந்தே தொடங்கும் வேவ் (WAV) கோப்புகளாக்கி வையுங்கள்.

வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களில் ஓடும் கிட்டார் ஒலிபெருக்கி) ஐந்தாறு வருடம் மின்சாரம் பார்க்காமல் கிடந்திருந்தால் சுவிட்சைத் தட்டாதீர்கள். மின்சப்ளையில் உள்ள மின்தேக்கிகள் சும்மா கிடந்தாலே கெடும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் வெடிக்கலாம், போகிற போக்கில் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். திறந்து பார்ப்பதும் உங்கள் வேலை இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள்.

எஃபெக்ட் பெடல்களில் விட்டுப்போன 9 வோல்ட் பேட்டரி கசிந்து தகட்டைத் தின்றிருக்கும். கரகரக்கும் குமிழ்களுக்குக் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, கடைசிவரை 20 தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

வேகம்

பழைய ஆல்பத்தை ஓடவிட்டு, தட்டித் தட்டி ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாளத் தட்டு) கணக்கில் எழுதுங்கள். பலருக்கு இங்கேயே ஆச்சரியம் காத்திருக்கும். மேடையில் 200-க்கு வாசித்ததாக நினைவிருக்கும் பாட்டு பதிவில் 178-தான் இருக்கும். மேடை வேகத்தை நினைவில் வைத்துக்கொண்டு புது ஆல்பத்தைத் திட்டமிட்டால் வாசிக்க முடியாத வேகத்தில் போய் நிற்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உடம்பு எங்கே உடைகிறது என்று தெரியும். 180 பிபிஎம்மில் எட்டாம் ஸ்வரங்களை (ஒரு தட்டுக்கு இரண்டு) எல்லாம் கீழ்நோக்கியே அடித்தால் நொடிக்கு 6 அடி. 2 நிமிடம் 20 நொடிப் பாட்டில் 840 அடி. பன்னிரண்டு பாட்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். ரமோன்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி ரமோன் வழியில் வந்த இந்தக் கீழடிதான் பங்க் கிட்டாரின் சுவர். மேலும் கீழுமாக அடித்தால் பாதி உழைப்பில் முடியும், ஆனால் மேலடி மெல்லிய கம்பிகளை முதலில் தொடுவதால் ஒன்றுவிட்டு ஒன்று ஒல்லியாகக் கேட்கும். சுவர் வேலியாகிவிடும்.

கையைத் திருப்பிக் கொண்டுவர எட்டு வாரம் வையுங்கள். மெட்ரோனோமை 140-இல் வைத்து ஒரே பவர் கார்டை (இரண்டு ஸ்வரம் மட்டும் உள்ள கார்ட்) தொடர்ந்து 4 நிமிடம் கீழடியில் வாசியுங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், முழங்கையிலிருந்து வந்தால் ஒரு நிமிடத்திலேயே தோள் காட்டிக்கொடுக்கும். பிக்கின் (கம்பியை அடிக்கும் சில்லு) நுனி விரலுக்கு வெளியே 3 முதல் 4 மில்லிமீட்டர் நீண்டால் போதும். அதற்கு மேல் நீண்டால் கம்பிக்குள் ஆழமாக இறங்கி மாட்டும், அதை இழுத்து எடுக்கவே கை களைத்துவிடும். நான்கு நிமிடமும் சத்தம் ஒரே சீராக வந்தால் மறுநாள் 4 பிபிஎம் ஏற்றுங்கள், வராவிட்டால் அதே இடம். இறுக்கம் வந்தால் நிறுத்திக் கையை உதறிவிட்டுத் தொடரலாம். குத்தும் வலியோ மரத்துப்போவதோ வந்தால் அன்று முடிந்தது. அடுத்த நாளும் அது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்ட்ராப்பையும் பாருங்கள். கிட்டார் முழங்காலுக்கு அருகே தொங்கினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இடது மணிக்கட்டு மடங்கி நரம்பு அழுந்தும். ஸ்டுடியோவில் யாரும் படம் எடுக்கப் போவதில்லை, ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள்.

டிரம்மருக்கு 190-இல் ஒற்றைக் கையால் ஹை-ஹாட்டில் எட்டாம் ஸ்வரம் என்றால் நொடிக்கு ஆறுக்கும் மேல். வராவிட்டால் ஹை-ஹாட்டைப் பாதி திறந்து நான்காம் ஸ்வரமாக (தட்டுக்கு ஒன்று) ஓங்கி அடித்துப் பாருங்கள், ஓட்டம் குறையாது, இன்னும் கரடாகக் கூடக் கேட்கும். வேகத்தைக் குறைப்பதைவிட அடியின் எண்ணிக்கையைக் குறைப்பது பல பாட்டுகளில் நல்ல வழி.

இனி பதிவு வேகத்தை நிர்ணயிக்கும் முறை. பாட்டை இடைவிடாமல் மூன்று முறை வாசியுங்கள். மூன்றாவது முறையும் முதல் முறை போலவே கேட்கும் வேகம் எதுவோ, அதுதான் அந்தப் பாட்டின் வேகம். ஒரே ஒரு முறை தாக்குப்பிடிக்கும் வேகத்தை எழுதி வைக்காதீர்கள். ஒவ்வொரு அடியும் தெறிக்கும் 176, குழைந்து ஓடும் 188-ஐவிட வேகமாகக் கேட்கும். கேட்பவர் காதில் வேகம் என்பது அடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியின் தெளிவு.

கிளிக்கோடு (ஹெட்ஃபோனில் ஓடும் மெட்ரோனோம் ஒலி) பதிவதா இல்லாமலா என்ற சண்டை பழையது. நடுவழி ஒன்று உண்டு. கிளிக்கை முதல் 8 அடிக்கு மட்டும் கேட்கவிட்டு நிறுத்திவிடுங்கள், குழு தன் போக்கில் ஓடட்டும். பல்லவியில் 2, 3 பிபிஎம் ஏறுவது இயல்பு, அது பாட்டைத் தூக்கும். சரணத்துக்குத் திரும்பியும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் நோய். கிளிக் இல்லாமல் பதிந்தால் இரண்டு டேக்குகளை (ஒரே பாட்டின் வெவ்வேறு பதிவு முயற்சிகள்) வெட்டி ஒட்ட முடியும், ஆனால் இரண்டின் வேகமும் 2 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு டேக் முடிந்ததும் வேகத்தை அளந்து குறித்து வையுங்கள்.

கட்டை

இருபது வயதில் எட்டிய உச்சம் நாற்பத்தைந்தில் எட்டாமல் போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரைக் கட்டை இறக்குங்கள், போதவில்லையென்றால் ஒரு கட்டை. வேகத்தை இறக்கினால் ரசிகர் உடனே கண்டுபிடிப்பார், கட்டையை இறக்கினால் பெரும்பாலோருக்குத் தெரியாது.

பாடகர் எங்கே நிற்கிறார் என்பதைக் காலையில் சோதிக்காதீர்கள். ஒத்திகையின் கடைசியில், பத்துப் பாட்டு முடிந்த பிறகு, உச்ச வரியை மூன்று முறை பாடச் சொல்லுங்கள். மூன்றாவதில் குரல் உடைந்தால் கட்டை இறங்க வேண்டும்.

கிட்டாரைத் தளர்த்தினால் கம்பி தொளதொளக்கும். விறைப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அரைக் கட்டை இறக்கினால் விறைப்பு சுமார் 11 சதவீதமும் ஒரு கட்டை இறக்கினால் சுமார் 20 சதவீதமும் குறையும். பலமாக அடிக்கும் கைக்கு இது போதும், ஒவ்வொரு அடியிலும் சுருதி மேலே ஓடிவிட்டுத் திரும்பும். 10 எண் கம்பி (மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம்) போடுபவர்கள் அரைக் கட்டைக்கு 10.5, ஒரு கட்டைக்கு 11 போட்டால் பழைய விறைப்பு ஏறக்குறைய திரும்பும். தடித்த கம்பி, கழுத்தின் உச்சியில் அது உட்காரும் பள்ளத்தில் சிக்கினால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், கழுத்தின் வளைவையும் இன்டொனேஷனையும் (கழுத்து முழுக்கச் சுருதி சரியாக நிற்கும் அமைப்பு) மறுபடி பார்க்க வேண்டும். இதையெல்லாம் பதிவுக்கு முதல் நாள் செய்யாதீர்கள். இரண்டு வாரம் அந்தக் கம்பிகளோடு வாசித்த பிறகுதான் கை பழகும்.

காது

ஒத்திகை அறையில் 100 டெசிபல் சர்வ சாதாரணம். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது பணியிடப் பாதுகாப்புக்காக அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் அளவு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் வாங்குங்கள். பஞ்சு வகை உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்குவதால் ஆம்பில் டிரெபிளை ஏற்றிவிடுவீர்கள், பதிவில் அது ஊசியாகக் குத்தும்.

பாட்டுகள்

இருபது பாட்டு கொண்டுவந்து, பதினான்கைப் பதிந்து, பதினொன்றோ பன்னிரண்டோ வெளியிடுங்கள். 1976-இல் வந்த ரமோன்ஸின் முதல் ஆல்பம் 14 பாட்டு, 29 நிமிடம். பதிவு ஒரு வாரத்தில், சுமார் 6,400 டாலரில் முடிந்தது. அந்தச் சிக்கனத்துக்குக் காரணம் பாட்டுகள் ஏற்கெனவே மேடையில் வாசித்துத் தேய்ந்து பளபளத்திருந்ததுதான். உங்கள் புதுப் பாட்டுகளுக்கு அந்த மேடை இல்லை. எனவே பதிவுக்கு முன் குறைந்தது இரண்டு சிறு நிகழ்ச்சிகளில் அவற்றைப் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் கூட்டம் பானம் வாங்கப் போகிறது என்று பார்த்தால் எந்தப் பாட்டில் சரணம் நீளம் என்று தெரிந்துவிடும்.

நீண்ட இடைவெளியில் வரும் தனி ஆபத்து, தன்னைத்தானே நகலெடுப்பது. விரலுக்கு நினைவில் இருப்பது பழைய நான்கு கார்ட்கள்தான். ஒரு தாளில் பழையதும் புதியதுமாக எல்லாப் பாட்டுகளுக்கும் வேகம், கட்டை, பல்லவி தொடங்கும் ஸ்வரம் மூன்றையும் எழுதுங்கள். மூன்றும் ஒத்துப்போகிற ஜோடி இருந்தால் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். வரிகளைப் பற்றி ஒரே சொல்: பத்தொன்பது வயதுக் கோபத்தை நடிக்க வேண்டாம். வாடகை, முதுகுவலி, வேலையிடத்தின் அவமானம், செத்துப்போன நண்பன் என்று இப்போதைய கோபத்துக்குச் சரக்கு ஏராளம்.

ஒத்திகையைப் போனில் பதியும்போது சிம்பலுக்கு எதிரில் வைக்காதீர்கள், எல்லாம் இரைச்சலாகிவிடும். அறையின் மூலையில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், கிட்டார் ஆம்புக்குப் பின்பக்கமாக வையுங்கள்.

டிரம்ஸ் பதிவு

பங்க் ஆல்பத்தின் ஒலியில் பாதி டிரம்ஸ் அறையிலேயே முடிவாகிவிடும். 12 பாட்டுக்கு டிரம்ஸும் பாஸும் சேர்த்து 3 நாள் வையுங்கள். முதல் நாளின் பாதி தோல் மாற்றவும் மைக் வைக்கவுமே போகும், போகட்டும். (பிளாஸ்டிக்தான், ஆனாலும் வாயில் தோல் என்றே வருகிறது.)

தோலை மாற்றும்போது எல்லாத் திருகுகளையும் விரலால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, சாவியால் எதிரெதிராகத் தாண்டித் தாண்டிக் கால் சுற்று. வரிசையாகச் சுற்றி வந்தால் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டு சுற்று முடிந்ததும் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், மொறுமொறுவென்று சத்தம் வந்து தோல் விளிம்பில் உட்காரும். மறுபடி சுருதி சேருங்கள். ஒவ்வொரு திருகின் அருகிலும் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குச்சியால் மெதுவாகத் தட்டினால் ஒரே ஸ்வரம் கேட்க வேண்டும். ஸ்நேரின் (அடியில் கம்பிகள் ஓடும் கூர்மையான டிரம்) மேல் தோலைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள், நடுவில் பள்ளம் தெரிந்தால் மாற்றும் நேரம். டாம் (ஸ்நேரைச் சுற்றியுள்ள மற்ற டிரம்) அடிக்கும்போது ஸ்நேர் கம்பிகள் சலசலத்தால் இரண்டின் சுருதியும் ஒட்டிப்போயிருக்கிறது. டாமின் சுருதியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

மைக் நிறைய இல்லாவிட்டால் நான்கு போதும். இந்த முறை ஒலிப்பொறியாளர் க்ளின் ஜான்ஸ் பெயரில் வழங்குகிறது. கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேல் மைக் ஒன்று ஸ்நேருக்கு நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். மற்றது தரை டாமின் பக்கத்திலிருந்து, டாமைத் தாண்டி ஸ்நேரை நோக்கிப் பார்க்கும்படி. ஒரு நூலை ஸ்நேரின் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திப் பிடிக்க, மறுமுனையை முதல் மைக்கின் தலைவரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு இரண்டாவது மைக்கின் தலையையும் தொட வேண்டும். ஒரு சாண் வித்தியாசம் வந்தாலும் ஸ்நேர் அடி ஒரு மைக்கில் முன்னும் மற்றதில் பின்னும் விழும். இரண்டையும் சேர்த்தால் அடிவயிறு காணாமல் போகும். பதிந்ததும் ஒரு மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசை) மாற்றிக் கேளுங்கள், எந்தப் பக்கம் கிக்கும் ஸ்நேரும் தடிக்கிறதோ அது சரி.

டிரம்ஸிலிருந்து தள்ளி, அறையின் எதிரொலியைப் பிடிக்கும் அறை மைக் ஒன்று வைக்க முடிந்தால் வையுங்கள், ஆனால் வேகமான பாட்டுக்கு அதை அதிகம் நம்ப வேண்டாம். காரணம் மிக்ஸில் வரும்.

ஒரு பாட்டுக்கு நான்கு டேக், மிஞ்சிப்போனால் ஐந்து. அதற்கு மேல் நல்லது வருவது அபூர்வம், அடுத்த பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். வேகமானவற்றை மதியத்துக்கு முன் முடியுங்கள். மெதுவான பாட்டு மாலைக்குப் போகட்டும்.

பாஸும் கிட்டாரும்

பாஸை டிஐ வழியாக (ஆம்ப் இல்லாமல் நேரடியாக) ஒரு டிராக்கும் ஆம்பிலிருந்து ஒரு டிராக்கும் பதியுங்கள். மைக் ஸ்பீக்கரிலிருந்து 34 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஒலி அங்கு வர ஒரு மில்லிசெகண்ட் ஆகும். டிஐ-யோடு அப்படியே சேர்த்தால் 500 ஹெர்ட்ஸ் பகுதி ஒன்றையொன்று தின்றுவிடும், பாஸ் அட்டைப்பெட்டிபோல் கேட்கும். இரண்டு அலைவரிசையையும் பெரிதாக்கிப் பார்த்து ஆம்ப் டிராக்கை முன்னே இழுத்து ஒட்டவையுங்கள். டிஸ்டார்ஷன் (கரகரப்பு) வேண்டுமானால் ஆம்ப் டிராக்கில் மட்டும் போட்டு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், கனம் டிஐ-யிலிருந்து வரட்டும்.

கிட்டாருக்கு ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்று போதும், அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். ஆம்பின் துணிக்குப் பின்னால் டார்ச் அடித்து, ஸ்பீக்கரின் நடுக் குமிழ் எங்கே என்று பார்த்து விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். குமிழின் நடுவே வைத்தால் குத்தும், கூம்பின் ஓரத்துக்குப் போனால் மங்கும். குமிழும் கூம்பும் சேரும் கோட்டில், துணியிலிருந்து 3 சென்டிமீட்டரில் தொடங்குங்கள். கிட்டாரை வாசிக்காமல் ஆம்பின் உஸ்ஸென்ற இரைச்சலை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டபடி ஒருவர் மைக்கை அரை சென்டிமீட்டராக நகர்த்தட்டும். இரைச்சல் எங்கே மணல்போல் சீராகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

கெயினை (டிஸ்டார்ஷனை ஏற்றும் குமிழ்) நீங்கள் விரும்புவதைவிட மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இடதும் வலதுமாக இரண்டு முறை வாசித்து அடுக்கப் போகிறீர்கள், இரண்டு கிட்டார் என்றால் நான்கு அடுக்கு. ஒவ்வொன்றிலும் முழு டிஸ்டார்ஷன் இருந்தால் அடியின் முனை மழுங்கி, எல்லாம் சேர்ந்து தேனீக்கூடாகிவிடும். ஒரே டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் போடுவது அடுக்கு ஆகாது, நடுவில் ஒற்றையாகத்தான் கேட்கும். உண்மையிலேயே இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

சுருதி சேர்க்கும்போது மெதுவாகச் சுண்டாதீர்கள். பாட்டில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அதே பலத்தில் அடித்து, அந்தத் தாக்கத்தில் டியூனரின் முள் எங்கே நிற்கிறதோ அதற்குச் சேருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். அடுக்கிய கிட்டார்கள் ஒன்றுக்கொன்று புளித்துக் கேட்பதற்குப் பத்தில் எட்டுத் தடவை காரணம் இதுதான்.

குரல்

நாளைக்கு இரண்டு மணி நேரம், மூன்று பாட்டு, அவ்வளவுதான். இடையில் ஒரு நாள் ஓய்வு. ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியே மேலும் கீழுமாக முனகுவது 10 நிமிடம் செய்தால் குரல்நாண்களுக்கு அதிகச் சுமை இல்லாமல் சூடேறும். கத்தல் நிறைந்த பாட்டு அந்த நாளின் கடைசி. காலையில் தொண்டை கட்டியிருந்தால் பதிவை ஒத்தி வையுங்கள், கிசுகிசுத்துப் பேசி ஓய்வு கொடுப்பதாக நினைக்காதீர்கள். பலருக்கு அதுவும் சுமைதான், பேசாமலிருப்பதே ஓய்வு.

கூட்டுக் குரலுக்கு நான்கைந்து பேர் மைக்கிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று மூன்று முறை பாடட்டும், ஒவ்வொரு முறையும் இடம் மாறி நின்று. பன்னிரண்டு பேர்போல் கேட்கும். சொல்லின் கடைசியில் வரும் "ட்", "ஸ்" போன்ற மெய்களை ஒருவர் மட்டும் உச்சரிக்கட்டும். எல்லோரும் சொன்னால் ஐந்து இடத்தில் ஐந்து "ஸ்" சிதறும், வெட்டித் திருத்தப் பாதி நாள் போகும்.

உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் டிரம்ஸுக்கு மட்டும் எப்படியாவது ஒன்றுகூடுங்கள், மற்றவை தனித்தனியே ஆகலாம். எல்லோரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். கோப்புகள் எல்லாம் ஒரே பூஜ்ஜியப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். பெயரில் பாட்டு, கருவி, டேக் எண், தேதி. "கடைசி" என்ற சொல்லைக் கோப்புப் பெயரில் தடை செய்யுங்கள்.

மிக்ஸ்

வேகமான இசையில் எதிரி நீளம். 190 பிபிஎம்மில் எட்டாம் ஸ்வரங்களுக்கு நடுவே 158 மில்லிசெகண்ட்தான் இருக்கிறது. கிக்கின் வால் அதைவிட நீண்டால் அடுத்த அடியின் மேல் படர்ந்து பாஸை மூடும். வாலை வெட்டுங்கள், கிக்குக்குள் தலையணை போடுங்கள், அல்லது சத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் ஒலியை அடைக்கும் 'கேட்' கருவியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு அடியின் பின்பாதியிலும் ஸ்நேர் விழும் ஓட்டத்தில், 200 பிபிஎம்மில் இரண்டு ஸ்நேருக்கு நடுவே 300 மில்லிசெகண்ட். எதிரொலி அதற்குள் செத்துவிட வேண்டும். அறை மைக்கை நம்ப வேண்டாம் என்றது இதனால்தான். மெதுவான பாட்டில் அதே மைக்கைத் தாராளமாக ஏற்றலாம்.

பழைய ஆல்பத்தோடு ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதுபோல் காது ஏமாறும். ஒரே ஒலிக்காக ஏங்கி அந்தக் காலக் குறைகளைத் திருப்பிக் கொண்டுவரும் குழுக்கள் உண்டு. அன்று பணமில்லாததால் ஒல்லியாக வந்த ஸ்நேரை இன்று செலவழித்து ஒல்லியாக்குவது வீண். 12 பாட்டுக்கு 5, 6 நாள் வையுங்கள். ஒவ்வொரு மிக்ஸையும் பேச்சுச் சத்தத்துக்குக் குறைத்து ஒரு முறை கேளுங்கள். அப்போதும் குரலும் ஸ்நேரும் முன்னால் நின்றால் முடிந்தது.

மாஸ்டர், வினைல், வெளியீடு

ஸ்பாட்டிஃபை இயல்புநிலையில் எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) கொண்டுவந்துவிடும். மைனஸ் 6 வரை நசுக்கினாலும் அங்கே சத்தமாகக் கேட்காது, நசுங்கியது மட்டும் மிஞ்சும். மைனஸ் 9 அருகே நிறுத்தி, உண்மை உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் வையுங்கள்.

வினைலுக்குத் தனி மாஸ்டர் கேளுங்கள், லிமிட்டர் (உச்சங்களை நசுக்கும் கருவி) குறைவாக, பாஸ் நடுவில். 33⅓ சுழற்சியில் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு 18 நிமிடத்துக்குள் நின்றால் சத்தமாக வெட்டலாம். பங்க் ஆல்பம் 28 நிமிடம் என்றால் பக்கத்துக்கு 14, வசதிதான். மையத்தை நெருங்க நெருங்கத் தடத்தின் ஒரு சுற்று நீளம் குறைந்து உச்ச ஒலிகள் சிதையும், "ஸ்" எல்லாம் எச்சில் தெறிக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் சிம்பல் குறைந்த, மெதுவான பாட்டைப் போடுங்கள். ஆல்பத்தின் வரிசையை முடிவு செய்யும்போதே இதை நினைவில் வையுங்கள். மாஸ்டர் முடிந்தபின் வரிசையை மாற்றினால் மறுபடி செலவு.

தட்டு வர மாதங்கள் ஆகும். அது எந்தத் தேதியில் கையில் இருக்கும் என்று ஆலை உறுதியாகச் சொல்லும்வரை வெளியீட்டுத் தேதியை அறிவிக்காதீர்கள். டிஜிட்டல் கோப்புகளை விநியோக நிறுவனத்திடம் நான்கு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்ப வேண்டுமானால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பாக அனுப்ப வேண்டும், வெளியான பிறகு அந்தக் கதவு திறக்காது.

சோதனைத் தட்டுகள் வந்ததும் குழுவில் ஒவ்வொருவரும் வேறு வேறு பிளேயரில் முழுதும் கேளுங்கள். ஒரு "டொக்" கேட்டால் நேரத்தைக் குறியுங்கள். எல்லாத் தட்டிலும் அதே இடத்தில் வந்தால் வார்ப்பில் குறை, ஆலையிடம் சொல்லி மறுபடி செய்யச் சொல்லலாம். ஒன்றில் மட்டும் வந்தால் அது தூசு, துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.